புலிப் பெட்டியின் பச்சைக் கண்ணாடி

அன்று காலை புலிப் பெட்டிக்கு முன்னால் நின்றவர்கள் நான்கு பேர். கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த அஞ்சலை, அவளுடைய கொழுந்தன் கோவிந்தன், அவர்களை அழைத்து வந்த முனுசாமிக் கங்காணி, அப்புறம் மூசியம் என்கிற காட்சிசாலையின் சேவகனாகிய நான். அங்கே இல்லாதவன் அஞ்சலையின் புருஷன் பெருமாள். அவன் அந்தப் புலியின் வயிற்றுக்குள் போய்விட்டதாகக் கங்காணி சொன்னார். போனானா இல்லையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் அஞ்சலை ரயிலேறி வந்திருந்தாள்.

இதை இப்போது எழுத வேண்டி வந்ததற்குக் காரணம், என் இடத்துக்கு வந்திருக்கும் புதுச் சேவகர். நான் பென்சன் வாங்கிக்கொண்டு கிளம்பிய அன்று அவர் என்னைக் கூடம் கூடமாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சாவிகளைச் சரிபார்த்தார். புலிப் பெட்டிக்கு வந்ததும், "ஐயா, மூணு பக்கமும் கண்ணாடி வெள்ளையா இருக்கு. இந்த முன்பக்கம் மட்டும் ஏன் பச்சையடிக்குது? புலிக்கு மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கே" என்று கேட்டார். நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன்.

என் தகப்பனார் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே கூலி. தண்டவாளத்துக்குக் கல் நிரப்பும் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை முதலில் மிதித்தவன் நான். ஆங்கிலப் பள்ளியில் ஏழாவது வரைக்கும் போனேன். கையெழுத்து குண்டுகுண்டாக, அச்சு மாதிரி இருக்கும். அந்த ஒரு தகுதிக்காகத்தான் மூசியத்தில் எடுத்தார்கள். காலையில் கூடத்தைத் திறந்து தூசி தட்ட வேண்டும், பகலில் ஜனங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும், சாயந்திரம் சீட்டுகள் எழுத வேண்டும். பறவை, பாம்பு, வண்டு எதுவானாலும் பக்கத்தில் ஒரு சீட்டு இருக்குமே, அது. "புள்ள என்ன வேலை பாக்குறான்?" என்று யாராவது கேட்டால் என் தகப்பனார், "செத்த மிருகத்துக்கெல்லாம் பேர் எழுதுறான்" என்பார். பெருமையாகத்தான் சொல்வார்.

பட்டணத்திலிருந்து கப்பலேறி வந்த ஜனங்கள் அங்கே போலவே இங்கேயும் மூசியத்தைச் செத்த காலேஜ் என்றுதான் சொன்னார்கள். வாசலில் செருப்பை விட்டுவிட்டுக் கும்பிட்டபடி உள்ளே வருவார்கள். தைப்பூசம் முடிந்து பத்துமலையிலிருந்து திரும்பும் தோட்டத்து ஜனங்கள், நெற்றியில் திருநீறு காயாமல், யானை எலும்புக்கூட்டை வலம் வருவார்கள். ராஜநாகம் இருக்கும் பெட்டிக்கு முன்னால் சூடம் கொளுத்தப் பார்ப்பார்கள். அதற்குப் பக்கத்திலேதான் ஸ்பிரிட் ஜாடிகள். நான் ஓடிப்போய்த் தடுத்து, "இங்க நெருப்பு கூடாதும்மா, சும்மா கும்பிட்டுக்கோங்க" என்பேன். அவர்கள் கேட்கிற கேள்விகள் எனக்குப் பிடிக்கும். யானைக்கு இத்தனை எலும்பா? இந்தக் குரங்கு எப்படிச் செத்தது? ஆந்தைக்குக் கண் மூடாதா? பதில் தெரியாதபோது உள்ளே போய் அருளம்பலம் ஐயாவைக் கேட்பேன்.

அருளம்பலம் ஐயா யாழ்ப்பாணத்தார். மூசியத்துப் பெரிய துரை பாதி வருஷம் மலையிலும் காட்டிலும் பூச்சி பிடித்துக்கொண்டிருப்பார். மீதி எல்லாம் ஐயாதான். மூடிய கோட்டு, மடிப்புக் கலையாத வேட்டி, சட்டைப்பையில் எப்போதும் கூர் சீவிய பென்சில். ஒரு பொருளைத் தொடுவதற்கு முன்னாலும் கை கழுவுவார், தொட்ட பிறகும் கழுவுவார். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் எதைச் சொன்னாலும் அவர் திருப்பிக் கேட்பது ஒரே கேள்வி: "கண்டனீரோ, கேட்டனீரோ?"

முதல் மாதம் நான் ஒரு எறும்புத்தின்னிச் சீட்டில், இது ஒரே நாளில் ஒரு புற்றைக் காலி செய்யும் என்று சேர்த்து எழுதிவிட்டேன். யாரோ கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்து, ஆள் சொன்னது. ஐயா படித்தார். "கண்டனீரோ, கேட்டனீரோ?"

"கேட்டதுங்க ஐயா."

"அப்ப எழுதாதையும்." சீட்டைக் கிழிக்கவில்லை. பின்பக்கம் வெற்றாக இருந்தது, அதில் மறுபடி எழுதச் சொன்னார்.

புலி வந்தது அதற்கு மறு வருஷம். கிள்ளான் தோட்டத்துத் துரை ஒருவர் சுட்டு, வாழை இலையும் சாக்கும் சுற்றி ரயில் சாமான் பெட்டியில் அனுப்பியிருந்தார். ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டி. மாடுகள் மூக்கைத் தூக்கிக்கொண்டு நகர மறுத்து, கடைசியில் ஆட்களே நுகத்தைப் பிடித்து இழுத்து வந்தார்கள். இந்த ஊர் வெயிலில் ஒரு பகல் விட்டால் போதும், தோலிலிருந்து முடி கையோடு வந்துவிடும். ஆகவே அன்றைக்கே உரிக்க வேண்டும். தோலுரிப்பவர் உஸ்மான், கிள்ளான் பக்கத்து மலாய்க்காரர், பேச்சு குறைவு.

முதலில் அளவு. புலியை நேராகக் கிடத்தி, மூக்கு நுனியில் ஒரு முளை, வால் நுனியில் ஒரு முளை அடித்து, புலியைத் தூக்கிவிட்டு முளைக்கும் முளைக்கும் நடுவே அளந்தோம். முதுகு மேட்டின்மேல் கயிற்றை ஓட்டி அளந்தால் புலி நீளும். தோட்டத்துத் துரை அப்படித்தான் அளந்திருக்க வேண்டும். அவர் எழுதி அனுப்பிய நீளத்தைவிட எங்கள் அளவு ஒரு சாண் குறைந்தது. பிறகு தோல். வயிற்றுக் கோட்டில் ஒரே கீறல், பாதங்களில் நகம் தோலோடு நிற்கும்படி மூட்டில் வெட்டு. படிகாரமும் உப்பும். உள்தோலில் பாஷாணச் சோப்பு பூசும்போது மட்டும் உஸ்மான் என்னை வெளியே அனுப்பிவிடுவார்.

எனக்கு மறக்காதது இரைப்பை. இரண்டு முனையையும் சணல் கயிற்றால் கட்டி, முழுசாக எடுத்து, ஐயா அதைத் தன் கையாலேயே சல்லடையின் மேல் திறந்து, குவளை குவளையாகத் தண்ணீர் ஊற்றினார். நாற்றத்தில் நான் சன்னல் பக்கம் ஒதுங்கினேன். அவர் முகம் மாறவில்லை. தங்கியதை வெள்ளை எனாமல் தட்டில் பரப்பி இடுக்கியால் பிரித்தார். கறுப்பு முடி ஒரு கைப்பிடி. சிறு குளம்புகள். சேறு ஒட்டிய தடித்த தோல். அந்தத் தோட்டத்து ஆள் ஒருவனைப் புலி கொண்டுபோய்விட்டது என்ற பேச்சு புலிக்கு முன்னாலேயே ரயிலில் வந்து சேர்ந்திருந்தது. அதனால் சல்லடையைக் கவிழ்த்து இன்னொரு தரமும் அலசிப் பார்த்தார். எல்லாவற்றையும் ஒரு ஜாடியில் ஸ்பிரிட் ஊற்றி வைத்தோம். சீட்டு ஜாடிக்கு உள்ளேயே இருக்கும், பென்சிலில் எழுதியது. மை என்றால் ஸ்பிரிட்டில் கரைந்துவிடும்.

மரச் சட்டம் கட்டி, மரச்சுருளும் சணலும் வைத்துச் சுற்றி, தோலைப் போர்த்தித் தைத்து, சீமையிலிருந்து கண்கள் வந்து சேர்ந்து, புலி எழுந்து நிற்கப் பல மாதம் ஆனது. அதற்குள் தோட்டத்துத் துரை இரண்டு தரம் ஆள் அனுப்பினார். சீட்டில் 'ஆளைத் தின்ற புலி' என்று போட வேண்டுமாம். ஐயா என்னை எழுதச் சொன்னது இவ்வளவுதான்: புலி. ஆண். கிள்ளான் பகுதி.

"ஊரே சொல்லுதுங்களே ஐயா" என்றேன்.

"ஊர் கண்டதோ?"

புலியைக் கூடத்தில் வைத்த மறு வாரம் அவர்கள் மூவரும் வந்தார்கள்.

முனுசாமிக் கங்காணி பெரிய மீசைக்காரர். வெள்ளிக் கடுக்கன், கோட்டு, கையில் பூண் போட்ட தடி. தன் கூட்டத்தில் எவனும் ஓடிப்போனதில்லை என்பது அவருக்குத் துரையிடம் இருந்த மதிப்பு. மற்றக் கங்காணிகளின் ஆட்கள் ஓடினார்கள், அடுத்த தோட்டத்தில் போய்ச் சேர்ந்தார்கள். முனுசாமியின் ஆள் போனால் காய்ச்சலில் போவான், இல்லாவிட்டால் புலி வாயில் போவான். பெருமாளின் ரப்பர்ப் பால் வாளியும் தலைத்துண்டும் காட்டோரப் பள்ளம் ஒன்றில் கிடந்தன. பக்கத்தில் புலியின் அடிச்சுவடு. மூன்றாம் நாள் அதே பள்ளத்தில் துரை புலியைச் சுட்டார். கங்காணிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

அஞ்சலைக்கு வேண்டியிருந்தது. ரத்தம் இல்லை, எலும்பு இல்லை, தாலியை எப்படி எடுப்பேன் என்று உட்கார்ந்துவிட்டாள். இத்தனை மாதமாகக் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் அவளை ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை, ஒரு சாவுக்கும் கூப்பிடவில்லை. சுமங்கலி என்றும் சேர்க்க முடியாது, அறுத்தவள் என்றும் ஒதுக்க முடியாது. புலியை நேரில் பார்த்தால் நம்பிவிடுவாள் என்று கங்காணியே செலவு செய்து அழைத்து வந்திருந்தார். கோவிந்தனின் கக்கத்தில் ஒரு துணி மூட்டை. அதில் இருந்தது கோடிச் சேலை. பிறந்த வீட்டார் போட வேண்டியது. அவளுக்கு இந்தச் சீமையில் பிறந்த வீடு இல்லாததால் கங்காணியே வாங்கி வந்துவிட்டார்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். உட்கார்ந்து அடிவயிற்றைப் பார்த்தாள். எழுந்து முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணே, இது அதோட கண்ணா?"

"இல்லம்மா. கண்ணாடிக் கண்ணு. சீமையிலேருந்து வந்தது."

"நாக்கு?"

"அது சுண்ணாம்புல செஞ்சு சாயம் பூசினது."

"பல்லு?"

"பல்லு அதோடதுதான்."

"வயிறு?"

"உள்ள மரச்சுருளும் சணலும்தான் இருக்கும்மா. தோலு மட்டும்தான் புலி."

கங்காணியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். அவர் புலி முழுசாக, உள்ளே எல்லாம் அப்படியே, உப்புக்கண்டம் மாதிரி நிற்கிறது என்று நினைத்திருந்தார். அதன் முன்னால் தேங்காய் உடைத்து, அவளுக்குக் கோடி போட்டு, காரியத்தை அங்கேயே முடித்துவிடலாம் என்பது அவர் ஏற்பாடு. மூட்டைக்குள் தேங்காயும் இருந்தது.

"அப்ப அதோட வயித்த என்ன செஞ்சீங்க?" என்றாள் அஞ்சலை. "தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"இல்ல. அதுல இருந்தத வச்சிருக்கோம்."

"இருந்துச்சா? என்ன இருந்துச்சு?"

அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. உள்ளே போய் ஐயாவிடம் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தி, கை கழுவினார். "வரச் சொல்லும்" என்றார்.

வெளியாட்களை வேலை அறைக்குள் விடும் வழக்கம் கிடையாது. அன்று மூன்று பேரும் வந்தார்கள். ஸ்பிரிட் நெடியில் கங்காணி மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். கோவிந்தன் சுவரில் மாட்டியிருந்த முதலை மண்டையையே பார்த்தபடி நின்றான். ஐயா அவளுக்கு ஒரு முக்காலியைக் காட்டினார்.

"என்ன பிள்ளை, என்ன அறிய வேணும்?"

"என் வீட்டுக்காரரு இதோட வயித்துல இருந்தாரான்னு தெரியணுங்க சாமி."

"இரும். பாப்பம்."

ஜாடியை இறக்கி, இடுக்கியால் முடியில் கொஞ்சம் எடுத்து, ஒரு கண்ணாடிச் சில்லில் வைத்தார். பித்தளைக் காலில் நிற்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியை அதன்மேல் தாழ்த்தினார். "உதோ, மயிர்" என்றார். கங்காணி முகத்தைச் சுளித்தார். ஒரு பெண்பிள்ளையிடம் இப்படிப் பேசுகிறாரே என்று. யாழ்ப்பாணத்தில் அது வெறும் முடிதான் என்று அவர் காதில் சொன்னேன்.

"இப்ப ஒரு மனிச மயிர் வேணும்" என்றார் ஐயா.

அஞ்சலை தன் தலைக்குக் கையைக் கொண்டுபோனாள். அப்புறம் நிறுத்தி, "கோவிந்தா, இங்க வா. உனக்கும் உங்க அண்ணனுக்கும் ஒரே முடிதான, கொட்டாங்கச்சி நாரு மாதிரி. குனி" என்றாள்.

"அண்ணி, வலிக்கும் அண்ணி."

"புலி கடிச்சா வலிக்காதா? குனி."

குனிந்தான். உச்சந்தலையில் இரட்டைச் சுழி. நான் அதைப் பார்ப்பதைக் கண்டு, "எங்க ரெண்டு பேருக்கும் இப்படித்தாண்ணே. ரெண்டு பொண்டாட்டின்னு சொல்லுவாங்க. எனக்கு ஒன்னுக்கே வழியில்ல" என்றான். அஞ்சலை வெடுக்கென்று பிடுங்கி ஐயாவிடம் நீட்டினாள்.

ஐயா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அவர் பார்க்கவில்லை. அவளைப் பார்க்கச் சொன்னார். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் அவள் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு குனிந்தாள்.

"இதோட நுனி ஒத்தையா இருக்கு. அதோட நுனி... அது பிளந்திருக்குதே. துடைப்பக்குச்சி மாதிரி மூணாப் பிளந்திருக்கு."

"எல்லாத்திலயும் பாரும்."

ஐயா ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார், அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வெளியே கூடத்தில் யாரோ கூப்பிடும் சத்தம் கேட்டும் நான் போகவில்லை. கடைசியில் அவள் நிமிர்ந்தபோது கண்ணைச் சுற்றி உள்ளங்கையின் அச்சு சிவப்பாக விழுந்திருந்தது.

"எல்லாமே பிளந்துதான் இருக்கு. இது என்ன முடி?"

"பண்டி. காட்டுப் பண்டி."

"பன்னியா!" என்று அவள் மூச்சு விட்ட சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

கங்காணி லேசில் விடவில்லை. "தலைய விட்டுட்டு மத்தத தின்னிருக்கலாங்களே ஐயா? தலைய எங்கியாச்சும் போட்டிருக்கும்."

"இருக்கலாம்."

"மூணு நாளுல வயித்த விட்டுப் போயிருக்கலாம்."

"அதுவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது."

"வேற புலி தின்னிருக்கலாம்."

"ஓம்."

"அப்புறம் என்னங்க?"

"இந்த வயித்தில மனிசன்ர ஒண்டும் நான் காணேல்லை. அவ்வளவுதான் நான் சொல்லுவன். மிச்சம் இந்தப் பிள்ளை யோசிக்க வேணும்."

கங்காணி தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். பிறகு, அந்தக் கண்ணாடி சூனியம் வைத்ததோ என்று சோதிப்பவர் போல, மெல்ல அதன் பக்கம் போய்க் குனிந்தார். குனிந்தவர் எழவில்லை. பன்றி முடியைப் பார்த்தார். கோவிந்தன் முடியைப் பார்த்தார். தன் மோதிரத்தைக் கழற்றி வைத்துப் பார்த்தார். அப்புறம் யாரும் எதிர்பாராதபடி தன் மீசையில் ஒன்றைப் பிடுங்கி வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"கங்காணியாரே, உங்களுது பிளந்திருக்கா?" என்றாள் அஞ்சலை.

ஐயா உடனே சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

வாசலில் அஞ்சலை கோவிந்தனின் கக்கத்திலிருந்து மூட்டையை உருவிக் கங்காணியிடம் கொடுத்தாள். "இது உங்க வீட்டுல இருக்கட்டும். வேணும்னா நானே வந்து கேக்குறேன்" என்று சொல்லிவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தாள். தேங்காய் உள்ளே இருந்தது நினைவு வந்து கங்காணி அதை மட்டும் வெளியே எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஏன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அடுத்த தைப்பூசத்துக்கு வழக்கம்போல் கூட்டம். திருநீறும் வேர்வையும் சேர்ந்த வாசனை. மத்தியானத்துக்கு மேல் பிரிக்ஃபீல்ட்ஸ் செங்கல் சூளை ஆட்கள் ஒரு கும்பலாக வந்தார்கள். எல்லோரும் புலியைப் பார்த்து உறுமிக் காட்டிச் சிரித்துவிட்டு யானைப் பக்கம் போனார்கள். ஒருவன் மட்டும் நின்றான். முழங்கை வரை செம்மண் ஏறிய தோல்.

"அண்ணே, இது கிள்ளான் பக்கத்துப் புலிதான?"

"ஆமா."

"இதுல என்ன எழுதியிருக்கு?"

படித்துக் காட்டினேன்.

"அம்புட்டுத்தானா? ஆளத் தின்ன விசயம் எழுதலியா?"

"அதை நாங்க பாக்கலையே."

"அட. ஊரே சொல்லுதே." குரலில் மெய்யான ஏமாற்றம். தன் பெயர் பந்தி வரிசையில் விட்டுப்போன ஆள் மாதிரி. பிறகு தையலைப் பார்ப்பதற்காகப் புலியின் வயிற்றுப் பக்கம் குனிந்தான். எனக்கு நேராக அவன் உச்சந்தலை. இரட்டைச் சுழி.

இரட்டைச் சுழிக்காரர்கள் ஊரில் எத்தனையோ பேர். ஆனால் முடியும் கொட்டாங்கச்சி நார்தான். பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில், "கோவிந்தன் நல்லாருக்கானா?" என்றேன்.

நிமிர்ந்தவன் முதலில் வாசலைப் பார்த்தான். ஓடிவிடுவான் என்று தோன்றியது. "நான் கங்காணி ஆளில்ல" என்று சொன்ன பிறகுதான் தோள் இறங்கியது. அவனை வேலை அறைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப் போனேன்.

"புலிய நான் பாத்தேண்ணே. அது மெய்தான். வாளியப் போட்டுட்டு ஓடினேன். ரயில் ரோட்டுல ஏறித் திரும்பிப் பாத்தா புலியக் காணோம். புலிக்குப் பயந்து ஓடினது கொஞ்ச தூரம்தான். அதுக்கப்புறம் இங்க வரைக்கும் ஓடினது பூரா கங்காணிக்குப் பயந்து."

"வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லி விடலியே?"

"சூளையில ஒரு எடம் கெடச்சதும் கூப்பிடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள புலி என்னத் தின்னுட்டதாச் சேதி வந்துருச்சு. செத்தவன எவன் தேடுவான்? நிம்மதியா இருந்துச்சு. அப்படியே இருந்துட்டேன்." கையில் காய்ந்திருந்த மண்ணைச் சுரண்டினான். "அவ தாலிய எடுத்திருப்பா, இல்லண்ணே?"

"இல்ல."

"இல்லையா? ஏன்?"

ஜாடியை எடுத்து வந்து காட்டி, புலி வயிற்றில் இருந்தது பன்றி முடி, அதை அவளே பார்த்தாள் என்றேன். அவன் நெடுநேரம் பார்த்தான். அப்புறம், "சொல்லி விடுங்கண்ணே. கங்காணி காதுல மட்டும் விழ வேணாம்" என்றான்.

ஐயாவிடம் போய், பெருமாள் உயிரோடு இருக்கிறான் என்றேன்.

"கண்டனீரோ, கேட்டனீரோ?"

"கண்டேன் ஐயா."

பென்சிலைக் கீழே வைத்தார். "அப்ப அந்தப் பிள்ளைக்கு அறிவிக்க வேணும்" என்றார். உஸ்மான் ஊருக்குப் போகும்போது கோவிந்தனிடம் சேதி சொல்லிவிட்டு வந்தார்.

பெருமாள் தோட்டத்துப் பக்கம் போக முடியாது. அஞ்சலைக்குப் பிரிக்ஃபீல்ட்ஸில் வழி தெரியாது. இருவருக்கும் தெரிந்த ஒரே இடம் புலிப் பெட்டி. ஞாயிற்றுக்கிழமை காலை, கதவு திறந்ததும் அவன் வந்து புலிக்கு முன்னால் நின்றான். வெள்ளை வேட்டி, எண்ணெய் வைத்த தலை. கொஞ்ச நேரத்தில் அவள் வந்தாள். பின்னால் கோவிந்தன். அவள் கையில் பித்தளைத் தூக்குச்சட்டி. சோறும் மீன் குழம்பும். விடிவதற்கு முன் எழுந்து அவனுக்காகச் சமைத்தது என்று பிறகு கோவிந்தன் சொன்னான்.

நான் யானைப் பக்கம் போய் நின்றுகொண்டேன். கூடம் காலியாக இருந்ததால் எல்லாம் கேட்டது.

"புலியப் பாத்தியா?"

"பாத்தேன்."

"எவ்வளவு தூரத்துல?"

"இந்தா, அந்த யானை எலும்பு இருக்கில்ல, அம்புட்டு தூரம்."

அவள் திரும்பி யானையையும் அதன் பக்கத்தில் நின்ற என்னையும் அளந்து பார்த்தாள். "கிட்டத்துலதான். ஓடினியா?"

"ஓடினேன்."

"நான் லயத்துலதான இருந்தேன். அது அந்தப் பக்கம் வந்திருந்தா?"

அவன் எண்ணெய்த் தலையைத் தடவினான்.

"சதை போட்டிருக்கே."

"சூளையில சாப்பாடு பரவால்ல."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவனுக்கு என்னவோ ஒரு சந்தோஷம் வந்து, பல்லைக் காட்டி, "அது சரி, பன்னி முடியப் பாத்தா தாலிய வச்சிருந்தே? நீ எப்பவோ எடுத்திருப்பேன்னுல்ல நான் நெனச்சேன்" என்றான்.

தூக்குச்சட்டி ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அவன் குனிந்தான். புலிக்குத் தப்பியவன், அதற்கும் தப்பினான். முன்பக்கக் கண்ணாடி மேலிருந்து கீழ்வரை சரிந்து விழுந்த சத்தம் யானை எலும்புக்கூட்டைக்கூட ஆட்டியது. சோறு புலியின் முன்னங்கால்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தது. மீன் துண்டு ஒன்று அதன் பாதத்தின் மேல்.

அருளம்பலம் ஐயா கதவைத் திறந்துகொண்டு வந்தார். முதலில் புலியைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார். கடைசியில்தான் மனுஷர்களைப் பார்த்தார்.

"தோலில குழம்பு பட்டதோ?"

"பாதத்துல மட்டும்ங்க ஐயா."

"உஸ்மானைக் கூப்பிடும்." பிறகு பெருமாளை மேலும் கீழும் பார்த்து, "இவர்தானோ?" என்றார். அஞ்சலை தலையை ஆட்டினாள். ஐயா தரையில் கிடந்த கண்ணாடியைக் காட்டினார். "நல்லது. கண்ணாடிக்கு உடைச்ச ஆள் காசு குடுக்க வேணும். அது இங்கத்தைய சட்டம்."

"நான் குடுக்குறேங்க" என்றான் பெருமாள்.

"நீ ஏன் குடுக்கணும்? உடைச்சது நான்."

"குனிஞ்சது நாந்தான? குனியாம இருந்திருந்தா கண்ணாடி தப்பிச்சிருக்குமே."

"அது உனக்கு இப்பத்தான் தோணுதா?"

கோவிந்தன் மூலையில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்தான். அவளுக்கும் வந்துவிட்டது. முகத்தைப் புலிப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவள் தோட்டத்துக்குத் திரும்பவில்லை. சாயந்திரம் கோவிந்தன் தனியாகத்தான் ரயிலேறினான். கங்காணியிடம், அண்ணி டவுனில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள் என்று சொல்லிக்கொள்வதாக ஏற்பாடு. பெருமாள் அவருக்குப் புலி தின்ற ஆளாகவே இருந்துவிட்டான். அவர் கூட்டத்தில் எவனும் ஓடவில்லை என்ற பேரும் கெடவில்லை. புலியின் சீட்டையும் நாங்கள் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

பழைய கண்ணாடி சீமைச் சரக்கு. அது மாதிரி வேண்டுமென்றால் கப்பலில் வர வேண்டும். ஐயா பாசார்ச் சந்தைப் பக்கத்துச் சீனர் கடையில் கிடைத்ததைப் போடச் சொன்னார். கொஞ்சம் தடிமன், கொஞ்சம் பச்சை. புதுச் சேவகர் கேட்டது அதைத்தான். இருவரும் ஆளுக்குப் பாதி என்று ஒத்துக்கொண்டு, பெருமாள் மடியிலிருந்து எடுத்து வைத்தான், அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து வைத்தாள். கண்ணாடி, அதை ஒட்டும் மக்கு, ஆசாரி கூலி எல்லாம் சேர்த்து அந்தப் புலி அவர்களுக்குக் கடைசியில் வைத்த செலவு நான்கு வெள்ளி இருபது காசு.